மாதாவுக்கு நேர்ந்துவிட்ட உப்பு

என் புருஷனுக்குப் பைத்தியம் என்று எழுதிக் கையெழுத்துப் போட ஒரு டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பேனாவை மூடவைத்தது யார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நானாக எழுதவில்லை, எழுதும்படி எனக்கு உத்தரவு. யாருடைய உத்தரவு என்று பிற்பாடு சொல்கிறேன்.

என் பேர் லூர்தம்மாள். சாந்தோம் கடற்கரைக் குப்பத்தில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும் படித்தேன், அதனால் எழுத வரும். அடையாறு போகிற ரோட்டில் ஒரு பாரிஸ்டர் பங்களாவில் சமையல் வேலை; இந்தச் சங்கதி நடந்தபோதே அங்கே பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், மறைப்பானேன். என் கை உப்பைப் பற்றி அங்கே விருந்துக்கு வந்த துரைமார்கூட விசாரித்திருக்கிறார்கள். கிள்ளிப் போட்டேன் என்றால் போட்டதுதான், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எனக்கு வந்த கஷ்டமும் அந்த உப்பில்தான் வந்தது.

உப்புக் காய்ச்சப் போகிறோம் என்று ஜனங்கள் கடற்கரைக்கு வந்து போலீஸிடம் அடிபட்டார்களே, அதற்கு மறு வருஷம். ஐப்பசி மாசம். என் வீட்டுக்காரர் ஞானப்பிரகாசமும் அவர் தம்பி சந்தியாகுவும் ஒரே கட்டுமரத்தில் கடலுக்குப் போனார்கள். திரும்பி வரும்போது, கரைக்கு இவ்வளவு கிட்டத்தில், நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, அலை மரத்தைப் புரட்டிவிட்டது. இவர் மட்டும் கரை ஏறினார். தம்பியை மூன்றாம் நாள் அடையாற்று முகத்துவாரத்தில் எடுத்தார்கள். சந்தியாகுவின் பெண்சாதி அந்தோணியம்மாளுக்கு அப்போது மூன்று மாசம்.

இவர் அழவில்லை. அடக்கத்தின்போதும் அழவில்லை. அதற்கப்புறம் தூக்கம் போனது. பொழுது விடிந்ததும் தண்ணீர் ஓரத்தில் போய் நின்றுகொண்டு, "சந்தியாகு, இப்பிடி வா, கையக் குடு" என்று கூப்பிடுவார். தொண்டை கட்டிப்போகும் வரைக்கும் கூப்பிடுவார். கடலுக்குப் போகிறவர்கள் அவரைத் தாண்டி மரத்தைத் தள்ளுவதற்குப் பயந்தார்கள். கார்த்திகையில் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தார். நான் கையைப் பிடித்தால் என்னைத் தள்ளிவிடுவார். ஒரு தரம் தள்ளியதில் அடுப்பு விளிம்பில் விழுந்தேன், முழங்கை இன்னும் மழைக்கு வலிக்கிறது.

பங்களா அம்மா என் முழங்கையைப் பார்த்துவிட்டு, லஸ் பக்கம் டிஸ்பென்ஸரி வைத்திருந்த அவர்கள் வீட்டு டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். நல்ல மனுஷர். நரம்பு ரொம்ப அடிபட்டிருக்கிறது என்று சொல்லி, நரம்பு அடங்கவும் தூக்கம் வரவும் மிக்ஸர் என்று ஒரு கலக்கு மருந்து கொடுத்தார். பாட்டில் பக்கவாட்டில் பல்பல்லாக வெட்டின காகிதம் ஒட்டியிருக்கும். ஒரு வேளைக்கு ஒரு பல். அன்றைக்கு அவர் தூங்கினார். ஒன்றரை மாசத்துக்கு அப்புறம் முதல் தூக்கம். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். என்னால் சும்மா இருக்க முடியாது. தூக்கம் வந்தது, ஆனால் பகலில் மறுபடி தண்ணீர் ஓரம், மறுபடி கூப்பாடு. மருந்து பாதிதான் செய்யும், மீதியை மாதாவிடம் கேட்டு வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சும்மா கேட்டால் கிடைக்குமா? எனக்கு எது பெரிசோ அதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். மார்கழியில் ஒரு சனிக்கிழமை கோயிலில் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்கால்படியிட்டேன். "அம்மா, இவரு பழையபடி மரம் ஏறிக் கடலுக்குப் போற வரைக்கும் என் வீட்டு அடுப்புல உப்பு வுழாது" என்று நேர்ந்துகொண்டேன்.

என் வீட்டு அடுப்பு என்று சொன்னேன், கவனியுங்கள். என் நாக்கு என்று சொல்லவில்லை. அந்த அடுப்பில்தான் அவருக்கும் சோறு வேகிறது என்பது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

நேர்ச்சையை வெளியே சொன்னால் பலிக்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் மறைக்க வேண்டியிருந்தது. குப்பத்தில் கேட்டவர்களிடம், "டாக்டரு பத்தியம் சொல்லிக்கீறாரு, உப்பு ஆவாது" என்றேன். டாக்டர் வாரா வாரம், "ஆத்துல என்னம்மா சாப்பிடறான்?" என்று கேட்பார். "எல்லாம் சாப்பிடறாருங்க" என்பேன். குப்பத்துக்கு டாக்டர் பேரில் ஒரு பொய், டாக்டருக்கு வீட்டின் பேரில் ஒரு பொய். ஒவ்வொரு பொய்க்கும் மனசுக்குள் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிச் சரிக்கட்டிக்கொண்டேன்.

பங்களாவிலும் நான் உப்பு பார்ப்பதில்லை. நாக்கில் வைக்காமல் கைப்பழக்கத்திலேயே போட்டேன். ஒரு நாள் சூப் கரித்துவிட்டது என்று அம்மா கூப்பிட்டுச் சொன்னார்கள். பதினெட்டு வருஷத்தில் முதல் தரம். எனக்கு அவமானமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது. பார்த்தீர்களா மாதாவே, உமக்காக நான் எதை விட்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். இப்படியும் ஒரு கர்வம் உண்டு.

அவர் உப்பில்லாத கஞ்சியை ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். மீனைப் பிட்டுப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிடுவார். ஆனால் மருந்து என்றால் மட்டும் கையை நீட்டுவார். ஆச்சரியமாக இருந்தது. முதலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த மனுஷர், தை பிறந்ததும் பாட்டிலைத் தேட ஆரம்பித்தார். காலையிலும் சாயங்காலமும் நான் ஊற்றிக் கொடுப்பேன். மத்தியான வேளைக்கு நான் பங்களாவில் இருப்பேன், அவரே எடுத்துக் குடிப்பார். பாட்டில் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னாலேயே தீர்ந்துபோனது. சிந்தியிருக்கும் என்று நினைத்தேன். இவ்வளவு இஷ்டமாக மருந்து குடிக்கிறாரே, இதுவும் நேர்ச்சையின் பலன்தான் என்று ஸ்தோத்திரம்கூடச் சொன்னேன்.

அப்புறம் தோல் பிடித்துக்கொண்டது.

முதலில் முகத்திலும் முதுகிலும் வேர்க்குரு போல வந்தது. தை மாசத்துக் குளிரில் வேர்க்குருவா என்று யோசித்தேன். இரண்டு நாளில் அது சீழ் வைத்தது. முழங்காலுக்குக் கீழே தடித்துப் பெரிய பெரிய புண்ணாகக் கிளம்பியது. ஊதா நிறத்தில், ஓரம் எழும்பி, நடுவில் ஈரமாக. துணி பட்டால் துடிப்பார். குப்பத்தில் அம்மை என்று பேச்சு கிளம்பியது. யாரோ எங்கள் வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டுப் போனார்கள். அந்தோணியம்மாள் பிள்ளையைச் சுமப்பவள் என்பதால் எங்கள் பக்கம் வரவேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

புண்ணோடு புத்தியும் போனது. பேச்சு குழறியது. நடந்தால் தள்ளாட்டம். கள்ளுக்கடை வாசலை மிதிக்காத மனுஷரைப் பார்த்து ஜனங்கள் குடித்திருக்கிறார் என்று ஒதுங்கினார்கள். கடலுக்குப் போய்க் கூப்பிடுவது நின்றுவிட்டது. கூப்பிட வேண்டிய அவசியமில்லை, தம்பி வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கிறான் என்றார். சுவர் மூலையைக் காட்டி, "தலைய துவட்டிக்க ஒரு துண்டு குடேன் அவனுக்கு" என்பார். என்னை அடையாளம் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளை, "ஏம்மா, நீ யாரூட்டுப் பொண்ணு?" என்று கேட்டார். நான் துண்டை எடுத்துக்கொண்டு போய் அந்த மூலையில் வைத்தேன். வேறு என்ன செய்வது?

டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். புண்ணுக்கு ஒரு களிம்பு கொடுத்தார். இரண்டும் உதவவில்லை. தை பிற்பாதியில் எங்கள் கோயிலில் வருகிற மெழுகுதிரித் திருநாளுக்கு முதல் நாள் அவர் என்னை உட்காரச் சொல்லி, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"லூர்தம்மா, இதுக்கு மேல என் கையில இல்லே. இன்னும் ரெண்டு வாரம் பார்க்கலாம். சரியாகலேன்னா கீழ்ப்பாக்கத்துக்கு எழுதித்தான் ஆகணும். அங்கே கட்டுக்காவலா வச்சுண்டு பார்ப்பா. நீ ஒண்டிப் பொம்மனாட்டி, வேலைக்குப் போயிண்டு இவனை எப்படிப் பார்த்துப்பே?"

கீழ்ப்பாக்கம் என்றால் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று எல்லாருக்கும் தெரியும். அங்கே போய்த் தேறி வந்தவர்கள் இருக்கலாம். எங்கள் குப்பத்தில் அப்படி யாரையும் நான் பார்க்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் செபமாலை உருட்டிக்கொண்டே நடந்தேன்.

மறுநாள் மெழுகுதிரித் திருநாள். மந்திரித்த திரியைக் கையில் ஏந்திக்கொண்டு எல்லாரும் சுற்றிவந்தார்கள், நானும் சுற்றினேன். பூசை முடிந்து எல்லாரும் போனபிறகு மாதா முன்னால் நின்றேன். அன்றைக்கு முழங்கால்படியிடவில்லை. நின்றுகொண்டே பேசினேன். அது ஜெபமா, சண்டையா என்று எனக்கே தெரியாது.

"இன்னும் இன்னா வேணும் உனுக்கு? உப்ப குட்த்துட்டேன். கொழுந்தன குட்த்துட்டேன். இவரையும் கேக்கறியா? நான் இன்னா தப்பு பண்ணிக்கினு கீறேன்னு எனக்குத் தெரியல. எதனா தப்பு கீதுன்னா என் கண்ண தொறந்து காட்டு. எனக்கு அசிங்கமா இருந்தாலும் பரவால்ல, காட்டு."

கையில் இருந்த திரி சொட்டி விரல் பொசுங்கியதுகூடப் பிறகுதான் தெரிந்தது. கண்ணெல்லாம் வீங்க அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன். எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு கன்னியம்மாளுடையது. கருவாட்டுக் கூடை தூக்கி மயிலாப்பூர் மாட வீதி தாண்டி ராயப்பேட்டை வரைக்கும் போய் விற்கிறவள். எங்கள் வேதக்காரி இல்லை, அம்மன் கோயிலுக்குப் போகிறவள். அவளுக்கும் எனக்கும் தண்ணீர்க் குழாயடியில் ஆகாது. அன்றைக்கு அவள் வாசலில் நின்று என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஒன்றும் கேட்காமல் விட்டது எனக்கு வித்தியாசமாகப் பட்டது, அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்து, கால் புண்ணைக் கழுவும்போது ஓரங்கள் காய்ந்திருப்பதைப் பார்த்தேன். மறுநாள் முகத்தில் புதிதாக ஒன்றும் வரவில்லை. பத்தாம் நாள் மூலையில் வைத்த துண்டைக் காட்டி, "இது எதுக்கு இங்க கீது?" என்று கேட்டார். நான் துண்டை மடித்து வைத்தேன். மாதா இறங்கிவிட்டாள், நேர்ச்சை பலித்துவிட்டது என்று நினைத்தேன். எவ்வளவு கெட்டியாக உப்பை விட்டிருந்தால் இப்படிப் பலிக்கும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். உப்பு ஜாடியை ஏற்கெனவே பரண்மேல் ஏற்றியிருந்தேன். அதன் வாயைத் துணியால் இன்னும் இறுக்கிக் கட்டினேன்.

டாக்டர் சொன்ன கெடுவுக்கு முதல் நாள். பங்களாவில் எல்லாரும் கல்யாணத்துக்குப் போய்விட்டதால் மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்குள் கன்னியம்மாள் உட்கார்ந்திருந்தாள். முன்னால் பூவரச இலையில் சுட்ட நெத்திலிக் கருவாடு. இவர் கஞ்சியைக் குடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து மென்றுகொண்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்தில் அந்த இலையை அப்படியே வாரி வெளியே எறிந்தேன்.

"அடிப்பாவி! இன்னாடி குடுக்குறே என் ஊட்டு ஆளுக்கு?"

"இன்னா, வெசமா குடுக்குறேன்? கருவாடு யக்கா. அண்ணன் கேட்டுச்சி, குட்த்தேன்."

"டாக்டரு பத்தியம்னு எத்தினி வாட்டி சொன்னேன்? காதுல வுழல?"

"கடல்ல போற ஆளுக்கு உப்பு ஆவாதுன்னு எந்த டாக்டரு சொல்றான், இஸ்துகினு வா அவன, நான் கேக்கறேன்." எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நீ காத்தால பங்களாவுக்குப் பூட்றே. அண்ணன் இங்க இன்னா பண்ணிக்கினு இருந்துச்சி, தெரியுமா உனுக்கு? அந்த வலைய இழுத்து வாயில வச்சி சப்பிக்கினு இருந்துச்சி. கடல் தண்ணி காஞ்ச வலைய. மனுசன் வலைய சப்பறத பார்த்துக்கினே நான் கூடைய தூக்கிக்கினு போவணுமா? நீ வேணா போவ, உனுக்கு மனசு கல்லு."

வலை மூலையில் கிடந்தது. போய் எடுத்துப் பார்த்தேன். ஒரு முழ நீளத்துக்கு முடிச்செல்லாம் காய்ந்த உப்பின் வெள்ளை போய், சப்பிச் சப்பி மெத்தென்று இருந்தது.

"எத்தினி நாளா குடுக்கறே?" என்று கேட்டேன்.

"மெழுவுத்திரிய ஏந்திக்கினு வந்தியே ஒரு நாளு, மூஞ்செல்லாம் வீங்கிக்கினு. அன்னிக்கி உன்னிய பார்த்து எனக்கு வயிறு எரிஞ்சிபோச்சி. மறுநாள்ல இருந்து தெனம் குடுக்கறேன். இன்னொண்ணும் கேட்டுக்க. முன்ன எல்லாம் நீ அந்தாண்ட போனதும் அந்த மருந்து பாட்டில எடுத்து அப்பிடியே கவுத்துக்கும். கருவாடு துன்ன ஆரம்பிச்சதுல இருந்து அத்த தொடறதே இல்ல. நீ ஊத்திக் குட்த்தாலும் பின்னால போய் துப்பிட்து."

பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். காகிதப் பல்லை எண்ணிப் பார்த்தேன். நான் ஊற்றியது மட்டும் குறைந்திருந்தது, மத்தியான வேளை எல்லாம் அப்படியே நின்றது. அப்போது பின்னாலிருந்து அவர் பேசினார்.

"லூர்து, கன்னியம்மாவ திட்டாத."

லூர்து என்றார். ஒரு மாசத்துக்கு மேலாகக் கேட்காத பேர். கண்ணைத் திறந்து காட்டு, அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை என்று கேட்டேனே. அந்த ஜெபத்துக்கு மறுநாள் காலையிலேயே பதில் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து கருவாடு சுட்டிருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை.

மறுநாள் பாட்டிலை மடியில் கட்டிக்கொண்டு லஸ்ஸுக்கு ஓடினேன். டாக்டர் மேஜைமேல் ஒரு அச்சடித்த காகிதம். பேனா திறந்து கையில் இருந்தது. அதில் என் புருஷன் பேர் பாதி எழுதியாகிவிட்டது.

"என்ன லூர்தம்மா, இப்படி மூச்சு வாங்கிண்டு வரே?"

நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். நேர்ச்சை, இரண்டு பக்கத்துப் பொய், வலை, கருவாடு, துப்பிய மருந்து. ஒன்றையும் விடவில்லை. அவர், "ரெண்டு மாசமா உப்பே இல்லையா? ஒரு கல்கூட?" என்றார்.

"ஒரு கல்லுகூட இல்லீங்க."

"வாரா வாரம் கேட்டேனேம்மா, என்ன சாப்பிடறான்னு."

பாட்டிலைத் திறந்து என் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, நாக்கில் வைத்துப் பார் என்றார். வைத்தேன். கரித்தது. பதினெட்டு வருஷம் உப்பு பார்த்த நாக்கு, இரண்டு மாசம் காய்ந்து கிடந்த நாக்கு, அதற்குத் தப்புமா? உப்பேதான், அடியில் மட்டும் ஒரு கசப்பு.

"இது புரோமைட். இதுவும் ஒரு தினுசு உப்புதான்," என்றார் டாக்டர். "நாம சாப்பிடற உப்பு உடம்புக்குள்ள போயிண்டிருந்தா, இதுவும் அதோட வெளியே போயிண்டிருக்கும். அந்த உப்பு இல்லேன்னா உடம்பு இதைக் கெட்டியாப் பிடிச்சுண்டு விடாது. சேர்ந்துண்டே போகும். புத்தியைக் கலக்கும். சில பேர் தோலுக்கு இது ஆகவே ஆகாது, இவனும் அப்படித்தான். அவன் காலில இருக்கறது சிரங்கு இல்லேம்மா. என் மருந்து."

பாட்டிலைத் தக்கையால் மூடிவிட்டு, "நீ மட்டும் தப்புப் பண்ணலே. நான் புண்ணைப் பார்த்தேன், புத்தியைப் பார்த்தேன், ரெண்டையும் சேர்த்துப் பார்க்கலே. கூட்டிக் குடுத்தேன்," என்றார். பேனாவை மூடினார். பாதி எழுதின காகிதத்தை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். மிக்ஸரை அன்றோடு நிறுத்தச் சொன்னார். சோற்றில் உப்பு, மோரில் உப்பு, அதற்கு மேல் தினம் தம்ளரில் உப்புத் தண்ணீரும் கொடு என்றார்.

நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து பரணைப் பார்த்தால் பயம். மாதாவுக்குக் கொடுத்த வாக்கு. இவர் இன்னும் மரம் ஏறவில்லையே. ஜாடியைத் தொட்டால் கொடுத்ததைப் பிடுங்கிக்கொள்வாளோ? ஜாடியைப் பார்த்துக்கொண்டு நான் நிற்பதைப் பார்த்து, என்ன என்று அவர் கேட்டார். சொன்னேன். புத்தி தெளிந்தும் தெளியாத நேரம்.

"ஏன் லூர்து, என் நாக்க என்னிய கேக்காம எப்பிடி நீ நேர்ந்துகினே?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். அன்று சாயங்காலமே கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பங்குச் சாமியார் முழுக்கக் கேட்டுவிட்டு, மாதா உன்னிடம் உப்பைக் கேட்டாளா என்று மட்டும் கேட்டார். இல்லை சாமி என்றேன். நேர்ச்சையை அவிழ்த்துவிட்டார். அபராதமாகச் செபமாலை சொல்லச் சொல்வார் என்று காத்திருந்தேன். "ஒளித்து வைத்ததால்தானே இவ்வளவும் வந்தது? ஒளித்ததை நாலு பேர் அறியச் சொல்லு. அதுதான் உனக்கு அபராதம்" என்றார். முதலில் சொன்னேனே உத்தரவு என்று, அது இதுதான். நிறைவேற்ற எனக்கு நாலு வருஷம் ஆயிற்று, வெட்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா?

உப்பு போட்ட கஞ்சியை அவர் முதல் வாய் குடித்தபோது கண்ணை மூடிக்கொண்டார். மாசி முடிவதற்குள் பேச்சு திருந்தியது. புண்கள் ஒவ்வொன்றாக ஆறின. ஆனால் தெளிவு வந்ததும் ஒரு கொடுமை வந்தது, அதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த மூன்று மாசமும் அவருக்கு நினைவில்லை. அதற்கு முந்தினதும் கலங்கியிருந்தது. ஒரு காலையில் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "சந்தியாகு மரத்த எறக்கிட்டானா?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. மறுபடியும் முதலிலிருந்து. அலையை, முகத்துவாரத்தை, எல்லாவற்றையும். அன்றைக்குத்தான் அவர் அழுதார். ஐப்பசியில் அழ வேண்டிய அழுகையை மாசியில் அழுதார். கன்னத்தில் அறைந்துகொள்ளவில்லை, கடலுக்கு ஓடவில்லை. என் மடியில் தலையை வைத்து அழுதார். மருந்து இல்லாமலே தூங்கிப்போனார்.

சித்திரையில் அந்தோணியம்மாளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. எட்டாம் நாள் ஞானஸ்நானம். ஞானத்தகப்பனாக இவர் நிற்க வேண்டும் என்று அவள் கேட்டாள். எனக்குப் பயம். அந்தப் பேரை அவர் வாயால் சொல்ல வேண்டுமே. மாசக்கணக்காகத் தண்ணீரைப் பார்த்துக் கத்திய பேர். கோயில் வாசலில் பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்றார். வேட்டிக்குக் கீழே கணுக்காலில் அந்த ஊதாத் தழும்பு தெரிந்தது. பிள்ளைக்கு என்ன பேர் என்று சாமியார் கேட்டார். நான் செபமாலையை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

"சந்தியாகு," என்றார். கத்தவில்லை. பக்கத்தில் இருக்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரி சொன்னார்.

சாமியார் முறைப்படி ஒரு கிள்ளு உப்பு எடுத்துப் பிள்ளையின் நாக்கில் வைத்தார். எத்தனையோ ஞானஸ்நானம் பார்த்திருக்கிறேன், அந்த உப்பை ஒரு நாளும் கவனித்ததில்லை. பிள்ளை முகத்தைச் சுளித்து, உதட்டை மடித்து, ஒரு தரம் சப்புக்கொட்டியது. அதைப் பார்த்து அவர் சிரித்துவிட்டார். வாசலுக்கு வெளியே கூடையை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கன்னியம்மாளும் சிரித்தாள். அடுத்த வாரம் அவர் மரம் ஏறினார். நான் கரையில் நின்று, மரம் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து குழம்பில் உப்பு பார்த்தேன்.

இதைப் படிக்கிறவர்களே, உங்கள் வீட்டிலும் புத்தி நொந்தவர்கள் இருக்கலாம். வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு நீங்களும் என்னைப்போல் மாதா காலடியில் கிடக்கலாம். விடாமல் கேளுங்கள். சண்டை பிடித்தாவது கேளுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். எதையாவது நேர்ந்துகொண்டால் உங்கள் நாக்கை நேர்ந்துகொள்ளுங்கள், இன்னொருத்தர் நாக்கை வேண்டாம். மருந்து குடிக்கிறவர் உடம்பில் புதிதாக ஒரு பருவைக் கண்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள், என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். பதில் எந்த வாசல் வழியாக வரும் என்று நாம் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

எங்கள் வீட்டில் மாதாதான் கருவாடு கொடுத்தாள் என்று நான் சொன்னால் கன்னியம்மாளுக்குக் கோபம் வரும். "தெனம் சுட்டு எட்த்தாந்தது நானு, அவுங்க இன்னாத்த குட்த்தாங்க?" என்பாள். அதனால் இப்போதெல்லாம் படுக்கப் போகுமுன் சொல்லுகிற ஜெபத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்தே நன்றி சொல்லிவிடுகிறேன்.